கேள்வி-பதில்: லாட்டிஸ் போல்ட்ஸ்மேன் புரோகிராம் கோடை (code) நாமே எழுதணுமா, எழுத வைக்கணுமா?

தண்ணி, காத்து மாதிரி ஓடுற பொருளை கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டுப் பாக்குற லாட்டிஸ் போல்ட்ஸ்மேன் முறையைப் பத்தி போன இதழ்ல எழுதியிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகள்ல நிறைய ஒரே இடத்தைச் சுத்துது: கோடு ஓடுது, ஆனா மெதுவா ஓடுது, என்ன பண்ணலாம்? அதனால இந்த தடவை முழுப் பக்கமும் அதுக்கே.

கேள்வி: நான் எம்எஸ்சி பிசிக்ஸ் படிக்கிறேன் சார். டி2கியூ9 (2 பரிமாணம், 9 திசை) மாடல்ல சின்னதா ஒரு கோடு எழுதி, ஒரு வட்டத்துக்குப் பின்னாடி சுழல் உருவாகுற வரைக்கும் பாத்துட்டேன், மொத்தமே ஒரு பக்கம்தான் வந்துச்சு. இவ்ளோ சிம்பிளான முறைக்கு, கோடு எழுதித் தர்றதுக்குன்னு தனி சாஃப்ட்வேர் எதுக்கு?

ஒரு பக்கத்துல சுழல் வரைக்கும் வந்துட்டீங்க, சந்தோஷம். அந்தச் சுருக்கம்தான் இந்த முறையோட அழகு. புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன். ஒவ்வொரு கட்டத்துலயும் 9 எண் வச்சிருக்கோம், ஒவ்வொண்ணும் ஒரு திசைல போற துகள் கூட்டத்தோட அளவு. முதல்ல மோதல்: அந்த 9 எண்ணையும் கூட்டி அடர்த்தி, திசையோட பெருக்கிக் கூட்டி அடர்த்தியால வகுத்தா வேகம், அதுல இருந்து சமநிலை மதிப்பு, அப்புறம் இருக்கிற மதிப்பை சமநிலை பக்கம் கொஞ்சம் தள்ளி விடுறது, எவ்ளோ மெதுவா தள்ளுறோம்ங்கிறதை டாவ்னு ஒரு எண் சொல்லும். அடுத்தது நகர்த்தல்: ஒவ்வொரு எண்ணும் அதோட திசைல பக்கத்து கட்டத்துக்குப் போயிடும். அவ்ளோதான், ஓட்டத்துக்கு அடிப்படையான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டை எங்கயும் நேரடியா தீர்க்கல, ஆனா பெரிய அளவுல பாத்தா அந்த ஓட்டம் தானா வந்துடுது.

சிக்கல் எப்போ வருதுன்னா, அடுத்த அடி வைக்கும்போது. முப்பரிமாணத்துக்குப் போனா 9 திசை 19 ஆகும், இல்ல 27 ஆகும். பாகுத்தன்மையைக் குறைக்க ஆசைப்பட்டா டாவ் 0.5 பக்கத்துல போயிடும், ஏன்னா லாட்டிஸ் அலகுல பாகுத்தன்மை = (டாவ் − 0.5) ÷ 3, அந்த இடத்துல ஒரே ஒரு டாவ் வச்ச எளிய பிஜிகே மோதல் வெடிச்சுடும் (எண்கள் கட்டுக்கடங்காம பெருகிடும்), அப்போ ரெண்டு டாவ் வச்ச டிஆர்டி, இல்ல பல டாவ் வச்ச எம்ஆர்டி, இல்ல இன்னும் நுணுக்கமான கியூமுலன்ட்னு மோதல் முறையை மாத்தணும். மெமரியை மிச்சம் பண்ண நகர்த்துற விதத்தை மாத்தணும். அப்புறம் சிபியூவுக்கு ஒரு கோடு, ஜிபியூவுக்கு ஒரு கோடு. 3 விதமான ஸ்டென்சில் (எத்தனை பரிமாணம், எந்தெந்த திசைங்கிற அமைப்பு), 4 மோதல், 3 நகர்த்தல் முறை, 2 மெஷின் அப்டின்னு வச்சா பெருக்கிப் பாருங்க, 72 கெர்னல் (எல்லா கட்டத்துக்கும் திரும்பத் திரும்ப ஓடுற மையக் கோடு). எல்லைச் சுவர், வெளி விசை, வெப்பம் எதுவும் இன்னும் சேக்கல. இந்த 72-ஐயும் கையால எழுதி, எல்லாத்தையும் வேகமா வச்சிருந்து, ஒண்ணுல பிழை திருத்தினா மீதி 71-லயும் திருத்தணும்னா நடக்குற காரியமா? ஆராய்ச்சி பண்றவங்க நல்ல மோதல் முறை தெரிஞ்சும் பழைய பிஜிகேலயே நின்னுடறதுக்கு பெரிய காரணம் இதுதான்னு நான் நம்புறேன், புது மாடலை வேகமா ஓட வைக்க இன்னும் ஆறு மாசம் யாருக்கு இருக்கு. கணக்கை ஒரு இடத்துல ஒரே தடவை எழுதி, மெஷினுக்கான கோடை அதுல இருந்து வரவழைக்கிறதுதான் இதுக்கு வழி, அப்படி வரவழைக்கிற கருவிக்குத்தான் ஜெனரேட்டர்னு பேரு.

கேள்வி: ஒரு செல்லுக்கு (ஒரு கட்டத்துக்கு) சுமார் 200 கூட்டல் பெருக்கல்தான் ஆகுதுன்னு எண்ணிப் பாத்தேன். என் புராசசர் விநாடிக்கு லட்சம் கோடிக்கு மேல கணக்கு போடும்னு எழுதியிருக்கு. அப்படின்னா விநாடிக்கு 500 கோடி செல் ஓடணுமே, அதுல இருபதுல ஒரு பங்கு கூட வரலையே?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன், ஏன்னா மீதி எல்லாமே இதுல அடங்கியிருக்கு. நீங்க எண்ணினது சரி, எண்ண வேண்டியதை எண்ணல. கணக்கை விடுங்க, பைட்டை எண்ணுங்க.

டி3கியூ19-ல ஒரு செல்லை ஒரு டைம் ஸ்டெப் நகர்த்த 19 எண்ணை மெமரில இருந்து படிக்கணும், 19 எண்ணை திரும்ப எழுதணும். டபுள் பிரிசிஷன்ல ஒண்ணு 8 பைட், ஆக 38 × 8 = 304 பைட். இதோட முடிஞ்சா பரவாயில்ல. சாதாரண சிபியூல ஒரு இடத்துல எழுதணும்னா அந்த கேச் லைனை (புராசசர் பக்கத்துல இருக்கிற கேச்ங்கிற சின்ன மெமரிக்கு ஒரே மூச்சுல வர்ற துண்டு) முதல்ல மெமரில இருந்து உள்ள இழுத்துட்டு வந்துதான் எழுதும், நாம முழுசா மேலெழுதப் போறோம்னு அதுக்குத் தெரியாது. அதனால எழுதுற 19-க்கும் இன்னொரு படிப்பு, மொத்தம் 57 × 8 = 456 பைட். உங்க மெமரி பேண்ட்விட்த் விநாடிக்கு 100 ஜிபின்னு வச்சுக்கலாம், 456-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 22 கோடி செல். இதுதான் உங்க கூரை. கணக்கு போடுற பகுதி பெரும்பாலான நேரம் டேட்டா வர்ற வரைக்கும் காத்துட்டுதான் இருக்கு, ஏன்னா கணக்கு போடற ஆள் மின்னல், ஃபைல் எடுத்துட்டு வர்ற ஆள் நடந்து வர்றார்.

அப்போ வேகம்னா என்ன? பைட்டைக் குறைக்கிறது. மோதலையும் நகர்த்தலையும் ரெண்டு தனி லூப்பா எழுதியிருந்தா ஒவ்வொரு எண்ணும் ரெண்டு தடவை மெமரிக்குப் போய் வருது, ரெண்டையும் ஒரே லூப்பாக்கினாலே ட்ராஃபிக் பாதியாகும், முதல்ல செய்ய வேண்டியது இது. அடுத்து, கேச்சைத் தாண்டி நேரா மெமரிக்கு எழுதுற நான்-டெம்பொரல் ஸ்டோர் போட்டா அந்த மூணாவது 19 போயிடும், 304-க்கு வந்துடலாம், கூரை 33 கோடி பக்கத்துக்கு ஏறும். சில புது சிபியூக்கள் இதைத் தானே கண்டுபிடிச்சு தவிர்க்கும், பழசுல நாமதான் சொல்லணும்.

அதுக்கும் மேல ஒரு வழி இருக்கு, ஏஏ பேட்டர்ன்னு பேரு. வழக்கமா பழைய மதிப்புக்கு ஒரு அரே, புது மதிப்புக்கு ஒரு அரேன்னு ரெண்டு வச்சிருப்போம். 512 × 512 × 512 பெட்டிக்கு டபுள்ல ஒரு அரேவே 20 ஜிபி தாண்டும், ரெண்டு வச்சா 40 தாண்டும். ஏஏ-ல ஒரே அரேதான். ஒரு ஸ்டெப்புல செல் தன்னோட 19 எண்ணையும் படிச்சு மோதல் முடிச்சு, எதிர்த்திசை இடத்துல தனக்குள்ளயே எழுதிக்கும். அடுத்த ஸ்டெப்புல பக்கத்து செல்கள்ல இருந்து படிச்சு பக்கத்து செல்களுக்கே எழுதும். ரெண்டுலயும் படிச்ச இடத்துலயேதான் எழுதுறோம், அதனால கேச் லைன் ஏற்கனவே உள்ள இருக்கு, கூடுதல் இழுப்பு இல்ல, 304-ம் தானா கிடைக்குது, மெமரியும் பாதி. ஆனா விலை என்னன்னா, ஒரே இயற்பியலுக்கு இப்போ ரெண்டு வேற வேற கெர்னல், சுவர் கோடும் ரெண்டு, வெளில அடர்த்தி வேகம் பாக்கணும்னா எந்த ஸ்டெப்புல நிக்கிறோம்னு தெரிஞ்சு படிக்கணும். கையால எழுதினா ராத்திரி தூக்கம் போயிடும். ஜெனரேட்டருக்கோ எந்த எண்ணை எந்த இடத்துல படி, எந்த இடத்துல எழுதுங்கிற ஒரு சின்ன அட்டவணை மாறுது, மோதல் சமன்பாடு அப்படியே இருக்கு. இந்த இடத்துலதான் ஜெனரேட்டர் தன் முழு மதிப்பைக் காட்டுதுங்கறது என் கருத்து.

கேள்வி: கம்பைலர்ல ஓ3 (கோடை வேகமாக்கச் சொல்ற ஆப்ஷன்) போட்டா அதுவே எல்லாத்தையும் சுருக்கிடாதா? நடுவுல இன்னொரு கருவி எதுக்கு?

கம்பைலர் ரொம்ப கெட்டிக்காரன்தான், ஆனா அதோட கையைக் கட்டிப் போட்டிருக்கு. ஃப்ளோட்டிங் பாயிண்ட்ல வர்ற பின்ன எண்ணுல அ + (ஆ + இ)-யும் (அ + ஆ) + இ-யும் கடைசி இலக்கத்துல வேற வேற விடை தரலாம், அதனால நீங்க எழுதின வரிசையை கம்பைலர் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. ஃபாஸ்ட் மேத் ஆப்ஷன் போட்டு அவிழ்த்து விடலாம், அப்பவும் இது என்ன இயற்பியல்னு அதுக்குத் தெரியாது. ஜெனரேட்டர் அந்தக் கட்டத்துக்கு முன்னாடி, சமன்பாடு வெறும் அல்ஜீப்ராவா இருக்கும்போதே கை வைக்குது. அங்க எண் இல்ல, குறியீடுதான், கூட்டலை எப்படி வேணா மாத்தலாம்.

உதாரணம் ஒண்ணு பாருங்க. டி3கியூ19-ல நடு திசையை விட்டா மீதி 18-ம் 9 எதிர் ஜோடி. ஒரு ஜோடியோட சமநிலை சமன்பாட்டை எழுதினா, வேகத்தோட முதல் படி உறுப்புக்கு மட்டும்தான் குறி மாறுது, மத்த எல்லா உறுப்பும் ரெண்டுக்கும் அச்சு அசல் ஒண்ணு. அப்போ பொதுப் பகுதியை ஒரு தடவை கணக்கு போட்டு ஒண்ணுக்கு கூட்டி, இன்னொண்ணுக்கு கழிச்சா போதும், 18 தடவை பண்ண வேண்டியது 9 ஆகுது. அடுத்து, டாவ் இந்த ரன் முழுக்க 0.6-னு தெரிஞ்சா அந்த எண்ணையே உள்ள வச்சு மடிச்சுடலாம், எம்ஆர்டில சில ரிலாக்சேஷன் வேகம் (1 ÷ டாவ்) 1-னு வச்சா பழைய மதிப்பு இருக்கிற உறுப்பு மொத்தமா அடிபட்டுப் போயிடும். கடைசில, பல இடத்துல திரும்பத் திரும்ப வர்ற துணைக்கோவையைக் கண்டுபிடிச்சு ஒரு தற்காலிக மாறில வைக்கிறது. எம்ஆர்டி மோதலை மேட்ரிக்ஸ் பெருக்கலாவே எழுதினா 19 × 19 ரெண்டு தடவை வரும், சுருக்கினதுக்கு அப்புறம் அதுல மிஞ்சுறது கொஞ்சம்தான். கணக்கு இவ்ளோ சுருங்கினா, கஷ்டமான மோதலும் டேட்டா வர்றதுக்குக் காத்திருக்கிற நேரத்துக்குள்ளயே முடிஞ்சு போகலாம், அப்போ நல்ல மாடலுக்கு நீங்க கூடுதலா நேரம் கொடுக்க வேண்டியதே இல்ல.

கேள்வி: எல்பிஎம்பைன்னு ஒண்ணு இருக்காமே, அது என்ன பண்ணும்?

ஜெர்மனில எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகத்துல வளர்ந்த ஓப்பன் சோர்ஸ் பைத்தான் பேக்கேஜ், அதைப் பத்தின ஆய்வுக் கட்டுரை 2021-ல வந்துச்சு. அடியில சிம்பைங்கிற குறியீட்டு அல்ஜீப்ரா லைப்ரரி இருக்கு. நீங்க ஸ்டென்சில் எது, மோதல் எது, ரிலாக்சேஷன் வேகம் என்ன, விசை இருக்கா, நகர்த்தல் எப்படின்னு சொல்லணும். அது மோதல் விதியை சமன்பாடாவே உருவாக்கி, மேல சொன்ன சுருக்கமெல்லாம் பண்ணி, பைஸ்டென்சில்ஸ்ங்கிற கூட்டாளி பேக்கேஜ் கிட்ட கொடுக்கும். அது லூப் போட்டு, சிபியூவுக்குன்னா ஏவிஎக்ஸ் மாதிரி வெக்டர் கட்டளையோட சி கோடு, ஜிபியூவுக்குன்னா குடா கெர்னல்னு எழுதி, கம்பைலும் பண்ணி பைத்தான்லயே ஓட விடும். பெரிய கிளஸ்டர்ல ஓட்டணும்னா அதே கெர்னலை வால்பெர்லாங்கிற சி++ ஃப்ரேம்வொர்க்ல சொருகலாம். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, எந்தக் கட்டத்துலயும் நிறுத்தி சமன்பாட்டைக் கண்ணால பாக்கலாம், காகிதத்துல நீங்க போட்டதோட ஒப்பிட்டுப் பாக்கலாம்.

கேள்வி: ஒரு செல்லோட 19 எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணுமா, இல்ல ஒரு திசைக்கு ஒரு அரேன்னு பிரிச்சு வைக்கணுமா?

ஜிபியூன்னா யோசிக்கவே வேண்டாம், திசைக்கு ஒரு அரே. பக்கத்து பக்கத்து த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலைகள்ல ஒண்ணு) பக்கத்து பக்கத்து முகவரியைப் படிக்கணும், இல்லன்னா பேண்ட்விட்த் வீணாகும். சிபியூலயும் வெக்டர் கட்டளைக்கு அதுதான் நல்லது. ஒரே ஒரு கவனம், 19 படிப்பு 19 எழுத்துன்னு ஒரே நேரத்துல 38 ஓடை ஓடும்போது சில சிபியூவோட ப்ரீஃபெட்சர் (அடுத்து வேணும்கிற டேட்டாவை முன்கூட்டியே எடுத்து வைக்கிற பகுதி) திணறும், அப்போ உள் லூப்பை எதிர் ஜோடி ஜோடியா பல சின்ன லூப்பா உடைச்சா உதவும். நீளம் 2-ன் அடுக்கா இருந்தா ஓரத்துல கொஞ்சம் பேடிங் (காலி இடம்) விடுங்க, எல்லா ஓடையும் கேச்சுல ஒரே இடத்துல மோதிக்காம இருக்கும்.

கேள்வி: டி3கியூ27 கியூமுலன்ட் கெர்னலை ஜெனரேட் பண்ணி ஜிபியூல போட்டேன். கணக்கு எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சிருக்கு, ஆனா எதிர்பார்த்ததை விட ரொம்ப மெதுவா இருக்கு. ஏன்?

கணக்கைக் குறைச்சதே காரணமா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. பொதுக் கோவையை எல்லாம் தற்காலிக மாறில வச்சா, அந்த மாறிகள் அடுத்து பயன்படுற வரைக்கும் எங்கயாவது உயிரோட இருக்கணும். என்விடியா ஜிபியூல ஒரு த்ரெட்டுக்கு அதிகபட்சம் 255 ரெஜிஸ்டர் (கணக்கு போடும்போது எண்ணை வச்சிருக்கிற இடம்), ஒண்ணொண்ணும் 32 பிட், ஒரு டபுளுக்கு ரெண்டு ரெஜிஸ்டர் போயிடும். 27 எண், அதோட மொமண்ட் (அந்த எண்களைத் திசையோட பெருக்கிக் கூட்டின மதிப்புகள்), மேல இந்த தற்காலிகம் எல்லாம் சேந்தா நிரம்பி வழியும், வழியறது மெமரிக்குப் போகும், இதுக்கு ஸ்பில்னு பேரு. பைட்டை மிச்சம் பண்ண வந்த இடத்துல நாமளே புது பைட் ட்ராஃபிக்கை உண்டாக்குறோம். வழியலன்னாலும், த்ரெட்டுக்கு ரெஜிஸ்டர் அதிகமானா ஒரே நேரத்துல ஓடுற த்ரெட் குறையும், மெமரிக்காகக் காத்திருக்கிற நேரத்தை மறைக்க ஆள் இருக்காது.

முதல்ல கம்பைலர்கிட்ட ரெஜிஸ்டர் எத்தனை, ஸ்பில் எத்தனை பைட்னு கேளுங்க, அதுவே சொல்லும். ஸ்பில் இருந்தா, மலிவான தற்காலிக மாறிகளை எடுத்துட்டு தேவைப்படுற இடத்துலயே திரும்ப கணக்கு போட வைங்க, ஜிபியூல கணக்கு சும்மா கிடைக்குது. அப்புறம் வரிசை: ஒரு மதிப்பு உருவாகுற இடமும் கடைசியா பயன்படுற இடமும் பக்கத்துல வர்ற மாதிரி ஸ்டேட்மெண்ட்டை அடுக்கி, முடிஞ்ச எண்ணை உடனே எழுதிடணும். கணக்கு எண்ணிக்கை குறைவா இருந்தா வேகம்னு நினைச்சு சுருக்கத்தை கடைசி வரைக்கும் இழுக்காதீங்க, சிபியூவுக்கு ஒரு அளவு, ஜிபியூவுக்கு ஒரு அளவு. ஒரே சமன்பாட்டுல இருந்து ரெண்டு மூணு விதமா ஜெனரேட் பண்ணி ஓட்டிப் பாத்துட்டு தேர்ந்தெடுங்க, கையால எழுதியிருந்தா இந்த சோதனையை யாருமே பண்ண மாட்டாங்க.

கேள்வி: டபுளுக்குப் பதிலா சிங்கிள் பிரிசிஷன் போட்டா ஓட்டம் தப்பா வராதா?

சிங்கிள் போட்டா 304 பைட் 152 ஆகும், வேகம் நேரா ரெண்டு மடங்கு, அதனால ஆசைப்படறதுல நியாயம் இருக்கு. பெரும்பாலான ஓட்டத்துக்கு தாராளமா போதும், ஆனா ஒண்ணு பண்ணணும். ஓய்வுல இருக்கும்போது ஒவ்வொரு எண்ணும் அதோட எடைக்கு சமம், டி3கியூ19-ல நடுவுக்கு 1/3, அச்சு திசைக்கு 1/18, மூலைவிட்டத்துக்கு 1/36. நமக்கு வேணும்கிற வேகத் தகவல் அதுல இருந்து வர்ற சின்ன விலகல். முழு எண்ணையும் சேமிச்சா இருக்கிற 7 இலக்கத்துல பாதி மாறாத எடைக்கே போயிடும். எடையைக் கழிச்சு விலகலை மட்டும் சேமிங்க, சமன்பாட்டையும் விலகலுக்கே எழுதுங்க. ஜெனரேட்டர்ல இது ஒரு ஆப்ஷன், எல்லா வரியும் தானா மாறிடும்.

கேள்வி: பிஜிகே-ல 'பி' ஒரு இந்தியர்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மைதான், பிரபு லால் பாட்னகர். குரோஸ், குரூக் ரெண்டு பேரோட சேந்து 1954-ல எழுதின கட்டுரை, வாயுக்கள்ல மோதலை எளிமையாக்குறதுக்காக. அப்போ லாட்டிஸ் போல்ட்ஸ்மேன்னு ஒண்ணே கிடையாது, அது வந்தது 1988-லதான்.

கேள்வி: மெஷின் எழுதின கோடு, ஆயிரம் வரி, படிச்சாலும் ஒண்ணும் புரியல. இதை எப்படி நம்பி ரிசல்ட் போடுறது?

வரி வரியா படிக்காதீங்க, சோதிங்க. வெளி விசை இல்லாம ஓய்வுல இருக்கிற திரவத்தைப் போட்டா ஆயிரம் ஸ்டெப் கழிச்சும் ஓய்வுல இருக்கணும், மூடின பெட்டில மொத்த நிறை மாறக் கூடாது. எடை, திசை, குறி இதுல எங்க தப்பு இருந்தாலும் பெரும்பாலும் இங்கயே மாட்டும். அடுத்து டெய்லர்-கிரீன் சுழல், சுவரே இல்லாத பிரச்சனை, வேகம் எப்படி அடங்கும்னு காகிதத்துலயே விடை இருக்கு, அடங்குற வேகத்துல இருந்து பாகுத்தன்மையைத் திரும்ப எடுத்தா (டாவ் − 0.5) ÷ 3 வரணும். கட்டத்தை பாதியாக்கி டைம் ஸ்டெப்பை கால்வாசியாக்கினா பிழை நாலுல ஒண்ணா குறையணும், குறையலன்னா எங்கயோ ஓட்டை. சுவருக்கு ரெண்டு தட்டுக்கு நடுவுல ஓடுற புவாசே ஓட்டம் இருக்கு: டிஆர்டில ரெண்டு டாவையும் சேத்து வர்ற மேஜிக் பாராமீட்டர்ங்கிற எண்ணை 3/16-னு வச்சா சுவர் சரியா ரெண்டு கட்டத்துக்கு நடுவுல உக்காரணும், பிஜிகே-ல டாவ் மாறினா சுவர் இடம் நகரும், அது கோடு பிழை இல்ல, மாடலோட குணம். இதோட சுருக்காத நேரடி பதிப்பு ஒண்ணையும் ஜெனரேட் பண்ணி, ரெண்டையும் ஒரே ஆரம்பத்துல இருந்து ஓட்டி கடைசி இலக்கம் தவிர ஒத்துப் போகுதான்னு பாருங்க. அந்த ஆயிரம் வரியைக் கையால எழுதினவரோட கோடுக்கும் இதே சோதனைதான் கேட்டிருப்பேன்.

கேள்வி: எனக்கு இருக்கிறது ஒரே ஒரு சின்ன 2டி பிரச்சனை, ஒரு லேப்டாப். நானும் ஜெனரேட்டர் கத்துக்கணுமா?

வேண்டாம். ரன் சில நிமிஷத்துல முடியுதுன்னா உங்க கோடே போதும், அதுல எல்லாம் உங்களுக்குப் புரியும், அது பெரிய சொத்து. மாடல் மாத்தணும், 3டி போகணும், ஜிபியூ வேணும், இந்த மூணுல ரெண்டு வந்தா அப்போ கத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுத்து வச்சுக்கோங்க: உங்க மெஷின்ல பெரிய அரே ஒண்ணை இன்னொண்ணுக்கு காப்பி பண்ணி உண்மையான பேண்ட்விட்த் எவ்ளோன்னு பாருங்க, உங்க மாடல்ல ஒரு செல்லுக்கு ஆகுற பைட்டால வகுங்க, டி2கியூ9 டபுள்ல அது 144, எழுதும்போது வர்ற கூடுதல் இழுப்பையும் சேத்தா 216. உங்க கோடு விநாடிக்கு நகர்த்துற செல் எண்ணிக்கை இந்த எண்ணுல 80 சதவீதம் வந்துட்டா அந்த கெர்னலைத் தொடாதீங்க, மீதி நேரத்தை எல்லைச் சுவருக்கும் கட்ட அளவுக்கும் கொடுங்க. பத்து சதவீதம்தான் வருதுன்னா மோதலும் நகர்த்தலும் தனித்தனி லூப்பா இருக்கான்னு முதல்ல பாருங்க.